கன்னத்தில் ஒரு வடு

"திண்டிவனம் தாலுக்கா, தென்னாற்காடு ஜில்லா." விலாசம் இவ்வளவுதான். கிராமத்தின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் அதை இங்கிலீஷில் எழுதிய குமாஸ்தாவின் காதில் அந்தத் தமிழ்ப் பெயர் எப்படி விழுந்ததோ, மூன்று விதமாக வாசிக்கலாம் போலிருந்தது.

எழும்பூரிலிருந்து விழுப்புரம் செல்லும் பகல் வண்டியில் நமக்கு எதிரே அமர்ந்திருந்த அம்மாள்தான் அந்தக் காகிதத்தை நீட்டினார். எழுபது பிராயம் இருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிச் சரடு. பேச்சு மட்டும் முழுக்க இங்கிலீஷ். தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரவாசி. குடும்பப் பெயர் என்னவென்று விசாரித்தோம். "படையாச்சி" என்றார். "அப்படியானால் பாதி வழி வந்துவிட்டீர்கள், அம்மா!" என்றோம். இந்த ஜில்லாவில் அந்தப் பட்டப் பெயர் எவ்வளவு சாதாரணம் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே அது ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். கவுண்டர் 'கவெண்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் அந்தத் தேசத்தில்தானே?

அந்தக் காகிதம் கப்பல் பதிவேட்டின் நகல். 1860-ம் வருஷம் அக்டோபர் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ந் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சென்ற முதல் கப்பல் அதுவே. 1911-ல் அந்த வியாபாரம் நிற்கும் வரையில் சுமார் 1,52,000 பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் பதிவாகியிருக்கும். இத்தனை சிரத்தை அன்பினால் அல்ல. ஆள் மாறாமலிருக்கவும், ஓடினால் அடையாளம் கண்டுபிடிக்கவுந்தான்.

அம்மாளின் கொள்ளுப்பாட்டனார் 1896-ல் கப்பல் ஏறியவர். இடது கன்னத்தில் ஒரு வடு என்று எழுதியிருந்தது.

"எங்கள் வீட்டில் அவருடைய படம் கிடையாது. அவர் முகத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்த வடு ஒன்றுதான்" என்றார் அம்மாள்.

நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர் திரும்பவில்லை. மறு ஒப்பந்தமும் செய்யாமல், ஊருக்கும் திரும்பாமல் அங்கேயே தங்குகிறவன் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டுமென்று 1895-ல் சட்டம் செய்திருந்தார்கள். 1913-ல் காந்தியடிகளின் தலைமையில் ஆயிரக்கணக்கான கூலிகள் வேலையை நிறுத்திச் சிறை புகுந்ததற்கு அந்த வரி ஒரு முக்கிய காரணம்; மறு வருஷம் வரி ஒழிந்தது. கதை அத்துடன் முடியவில்லை. அங்கே நிறத் துவேஷம் முற்றியது. 1946-ல் இந்திய சர்க்கார் அத்தேசத்துடன் வர்த்தகத்தை நிறுத்தியது. ராஜீய உறவு மீண்டும் ஏற்பட்டது 1993-ல். வேடிக்கையைக் கேளுங்கள்! அதே 1993-ல்தான் தென்னாற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்து, விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று. கதவு திறந்த வருஷத்திலேயே விலாசம் மாறிவிட்டது! தாலுக்காவும் பழைய தாலுக்கா அல்ல. செஞ்சியும் மரக்காணமும் அதிலிருந்து தனித் தாலுக்காக்களாகிவிட்டன.

நமக்கு ஜோலி விழுப்புரத்தில். ஆயினும் திண்டிவனத்திலேயே அம்மாளுடன் இறங்கிவிட்டோம்.

முதலில் போன கிராமம் பெயரில் மட்டும் ஒத்துவந்தது. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது ஊர் செஞ்சிப் பக்கம். டீக்கடை வாசலில் கூட்டம் கூடியது. தகப்பன் பெயரைப் படித்தோம். தெருவுக்கு மூன்று பேர் அந்தப் பெயரில் இருந்தார்கள்! ஒரு நடுவயதுக்காரர் நம்மைத் தனியே அழைத்து, "நிலத்திலே பங்கு கேக்கவா வந்திருக்காங்க?" என்று மெல்லக் கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஏரிப் பாசனத்தில் அரை ஏக்கரை வைத்துக்கொண்டிருப்பவருக்கு, காகிதத்துடன் வருகிற எவரிடமும் பயம் இருக்கத்தான் செய்யும். பங்கு கேட்க வரவில்லை என்று நாம் சொன்னதை அவர் முழுக்க நம்பியதாகத் தோன்றவில்லை.

ஆனால் போனவர்களைப் பற்றி வெள்ளைக்காரனாவது ஏட்டில் எழுதி வைத்தான். இருந்த நாம் என்ன எழுதி வைத்தோம்? அந்த ஊரில் ஒரு வீட்டிலும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அப்போது தெருக்கோடியில் திரௌபதி அம்மன் கோயிலைக் கண்ட அம்மாள் நேரே அங்கு நடந்தார். கோயிலுக்கு எதிரே இருந்த வெற்றிடத்தைக் கையால் அளப்பதுபோல் காட்டி, "தீ, தீ" என்றார். அவர் சொன்ன முதல் தமிழ் வார்த்தை! நேட்டாலில் ஈஸ்டர் விடுமுறையில் மாரியம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. ஆடியா சித்திரையா என்று பார்க்க அங்கே யாரால் முடிந்தது? தோட்டத் துரைமார் விடுமுறை விட்ட நாளே அம்மனுக்குத் திருநாள். அம்மாளின் பாட்டி பதினெட்டு வருஷம் தீமிதித்தவராம். செஞ்சிக்கு அருகேயுள்ள மேலச்சேரிதான் திரௌபதி அம்மனுக்கு ஆதித்தலம் என்பது இப்பக்கத்தாரின் நம்பிக்கை. அந்த மண்ணிலிருந்து போனவர்கள் பாஷையைத் தொலைத்தாலும் நெருப்பைத் தொலைக்கவில்லை.

திண்ணையிலிருந்த கிழவி ஒருத்தி எழுந்து வந்து அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன முறைன்னு தெரியலியே! என்னைவிடச் சின்னவதானே? தங்கச்சின்னு வச்சுக்கறேன்" என்றாள். நாம் மொழிபெயர்த்தோம். அம்மாள் சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பங்குக்குப் பயந்தவர் இப்போது காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்தப் புஸ்தகத்திலே நம்ம ஊரிலேருந்து போன மத்தவங்க பேரும் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கலாம், டர்பனுக்குத் திரும்பியதும் தேடிப் பார்க்கிறேன் என்றார் அம்மாள். உடனே ஒரு பையனின் பள்ளிக்கூட நோட்டு வந்தது. கடல் தாண்டிப் போனதாக யார் யார் கேள்விப்பட்டிருக்கிறார்களோ, அவர்கள் சொல்லச் சொல்லப் பையன் எழுதினான். மூன்று பெயர்கள் ஆயின. நாலாவது பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கீழத்தெருப் பெரியவருக்குத் தெரியும் என்று அவரை அழைத்துவர ஒருவன் சைக்கிளில் ஏறினான்.