பெருந்திட்ட நிரல்களில் குறிப்புரை நடையின் ஒருமை: லினக்ஸ் கர்னலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பலர் கூடி எழுதும் பெரிய மென்பொருளில் குறிப்புரைகள் ஒரே நடையில் அமைய வேண்டும் என்பது பெரும்பாலும் அழகு சார்ந்த கோரிக்கையாகவே கருதப்படுகிறது. லினக்ஸ் கர்னலின் வரலாற்றைக் கொண்டு நோக்கும்போது இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகிறது. ஒரு குறிப்புரையைப் படிப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் நடையில் வேண்டப்படும் கண்டிப்பும் அமைகிறது. மனிதர் மட்டும் படிப்பவை, உரிமம் தேடும் கருவிகள் படிப்பவை, நிரல்தொகுப்பி படிப்பவை எனக் குறிப்புரைகளைப் பிரித்துக்கொண்டு, ஒருமை எங்கே பயன் தருகிறது, எங்கே இழப்பை உண்டாக்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறிப்புரை, நிரல் நடை, லினக்ஸ் கர்னல், நிரல்தொகுப்பி, உரிமக் குறிப்பு, திறமூல மென்பொருள்

முன்னுரை

நிரலின் இடையே மனிதருக்காக எழுதப்பட்டு, கணினியால் பொருட்படுத்தாமல் விடப்படும் பகுதி கமென்ட் என வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் அது குறிப்புரை எனப்படுகிறது. விளக்கவுரை என்னும் சொல்லும் வழக்கில் உண்டு. ஆயினும், நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லுவது அதன் பணியன்று. வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கும் அரும்பதவுரைக்கே அது நெருக்கமானது. எனவே குறிப்புரை என்பதே பொருத்தமான சொல்லாகும்.

1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கர்னல் இன்று ஏறத்தாழ 4 கோடி வரிகளைக் கொண்டது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் ஏறத்தாழ 2,000 பேரின் திருத்தங்கள் இடம்பெறுகின்றன. இவர்கள் ஒரே நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஒரே மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். இத்தகைய சூழலில் குறிப்புரையின் நடை தானாக ஒருமைப்படுவதில்லை. கையேடு, சரிபார்ப்புக் கருவி, பராமரிப்பாளரின் கண் ஆகிய மூன்றின் வழியாகவே அது பேணப்படுகிறது.

கையேடு வகுக்கும் வடிவம்

கர்னலின் நிரல் நடைக் கையேட்டில் குறிப்புரைக்கெனத் தனிப்பகுதி உண்டு. அது வடிவத்தைச் சொல்லுமுன் உள்ளடக்கத்தையே பேசுகிறது. நிரல் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பதைச் சொல்லலாம். எப்படிச் செய்கிறது என்பதை நிரலே சொல்ல வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. ஒரு செயற்கூற்றின் உள்ளே அடுத்தடுத்துக் குறிப்புரை தேவைப்படுமானால், அச்செயற்கூற்றையே பிரித்தெழுத வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. வடிவத்தைப் பொறுத்தவரை, பல வரிகள் கொண்ட குறிப்புரையில் தொடக்கக் குறியாகிய /* தனி வரியில் நிற்க வேண்டும். அடுத்துவரும் வரிகளின் இடப்புறத்தில் உடுக்குறிகள் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். முடிவுக் குறியாகிய */ மீண்டும் தனி வரியில் வர வேண்டும்.

செக்பேட்ச் என்னும் கருவி இதனைத் திருத்தங்களில் சரிபார்க்கிறது. இடையிலுள்ள வரியில் உடுக்குறி இல்லையெனினும், முடிவுக் குறி தனி வரியில் இல்லையெனினும் அது எச்சரிக்கிறது. இரண்டு உடுக்குறிகளுடன் தொடங்கும் /** என்பது வேறு வகையைச் சார்ந்தது. கர்னல்-டாக் என்னும் கருவி அதனைப் படித்து ஆவணப் பக்கங்களை உருவாக்குகிறது. அதில் ஒவ்வோர் அளபுருவின் பெயரும் குறிப்பிட்ட முறையில் எழுதப்பட வேண்டும். பெயர் நிரலோடு பொருந்தாவிடில் கருவி அதைச் சுட்டிக்காட்டுகிறது. ஜாவா மொழியின் பழக்கத்தால் சாதாரணக் குறிப்புரைக்கும் இரண்டு உடுக்குறிகள் இட்டுவிடுவோர் பலர். மனிதக் கண்ணுக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. கருவியோ அதனை ஆவணமாகவே கொண்டு, அளபுருக்கள் எங்கே எனக் கேட்கிறது.

வலைப்பின்னல் பகுதியின் விலக்கு

மனிதர் மட்டும் படிக்கும் குறிப்புரையில் ஒருமை எவ்வளவு தேவை என்பதற்கு வலைப்பின்னல் துணை அமைப்பின் வரலாறு தக்க சான்றாகும். அப்பகுதியினர் தொடக்கக் குறியுள்ள வரியிலேயே முதல் சொல்லையும் எழுதுவர். முடிவுக் குறி மட்டும் தனி வரியில் நிற்கும். கையேடே இதனை விலக்காக ஏற்றுப் பதிவு செய்திருந்தது. செக்பேட்ச் கருவியும் அக்கோப்புறைகளுக்கு வேறு விதியைப் பின்பற்றியது.

2016ஆம் ஆண்டு ஜூலையில் டோர்வால்ட்ஸ் இந்நடையைக் கடுஞ்சொற்களால் சாடினார். தொடக்கமும் முடிவும் சமனற்று நிற்கின்றன என்பது அவர் கூறிய காரணம். கடுமையை நீக்கிப் பார்த்தால், அவர் வாதம் கண்ணுக்குரியதே. இரண்டு நடைகளில் எதுவும் பிழையை விளைவிப்பதன்று. விலக்கினால் நேர்ந்த தொல்லை வேறு. ஒரு திருத்தம் வலைப்பின்னலையும் வேறொரு துணை அமைப்பையும் ஒருசேரத் தொடும்போது, ஒரே நிரலாளர் இரண்டு நடைகளில் எழுத நேர்ந்தது. புதியவர்களின் திருத்தங்கள் உள்ளடக்கத்தில் குறையின்றியும் நடைக்காகத் திருப்பியனுப்பப்பட்டன. மதிப்பாய்வாளரின் நேரமே இங்கே வீணானது.

பின்னர் வலைப்பின்னல் பகுதியினரே பேசி முடிவெடுத்து அவ்விலக்கைக் கையேட்டிலிருந்து நீக்கினர். ஆயினும் பழைய கோப்புகள் அனைத்தும் புதிய நடைக்கு மாற்றப்படவில்லை. அவ்வாறு மாற்றாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளக்கப்படும்.

உரிமக் குறிப்பு: சட்டம் படிக்கும் வரி

கோப்பின் தலைப்பில் நிற்கும் உரிமக் குறிப்புரையின் நிலை வேறு. நெடுங்காலம் ஒவ்வொரு நிரலாளரும் உரிம வாசகத்தைத் தத்தம் விருப்பப்படி எழுதினர். சிலர் முழுப் பத்திகளைப் படியெடுத்தனர். சிலர் ஒரே வரியில் முடித்தனர். பல கோப்புகளில் உரிமமே குறிப்பிடப்படவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் அஞ்சல் முகவரியும் அவ்வாசகத்துடன் படியெடுக்கப்பட்டது. அறக்கட்டளை பலமுறை இடம் மாறியதால், ஒரே மென்பொருளில் வெவ்வேறு காலத்து முகவரிகள் தங்கிவிட்டன. அம்முகவரியை எழுத வேண்டா என்றே செக்பேட்ச் இன்று எச்சரிக்கிறது. 2024இல் அவ்வமைப்பு தன் பாஸ்டன் அலுவலகத்தையே மூடியதை எண்ணினால், அவ்வெச்சரிக்கை எவ்வளவு முன்னறிவுடையது என்பது விளங்கும்.

ஒரு மென்பொருளைத் தம் கருவியில் சேர்த்து விற்கும் நிறுவனம், அதன் ஒவ்வொரு கோப்பும் எந்த உரிமத்தின் கீழ் வருகிறது என அறிந்தாக வேண்டும். பல்லாயிரம் கோப்புகளில் சிதறிக் கிடக்கும் வேறுபட்ட வாசகங்களைக் கருவி கொண்டு பகுப்பது கடினம், ஊகத்திற்கு இடமளிப்பது. எனவே 2017 நவம்பரில் வெளிவந்த 4.14 பதிப்பில், உரிமம் குறிப்பிடப்படாதிருந்த பல்லாயிரம் கோப்புகளின் தலைப்பில் எஸ்பிடிஎக்ஸ் எனப்படும் ஒற்றை வரி அடையாளக் குறிப்பு சேர்க்கப்பட்டது. 2019 முதல் பழைய நீண்ட வாசகங்களும் படிப்படியாக அவ்வடிவத்திற்கு மாற்றப்பட்டன.

இங்கே நுட்பமான ஒரு செய்தி உண்டு. இவ்வரி எல்லாக் கோப்பிலும் ஒரே வடிவில் இல்லை. சி மூலக் கோப்பில் அது // எனத் தொடங்குகிறது; தலைப்புக் கோப்பிலோ /* */ என்னும் இணைக்குள் அமைகிறது. தலைப்புக் கோப்புகளைச் சி நிரல்தொகுப்பி மட்டுமன்றி, அசெம்ப்ளர் போன்ற பிற கருவிகளும் படிக்கின்றன. அவற்றுள் பழையவை // என்பதைக் குறிப்புரையாக அறியமாட்டா. பிசிபிஎல் மொழியில் தோன்றிய // என்னும் குறி, சி மொழியில் கைவிடப்பட்டு, சி++ வழியாகத் திரும்பி, 1999ஆம் ஆண்டுத் தரத்தில்தான் சி மொழியில் அதிகாரப்பூர்வ இடம் பெற்றது. தோற்றத்தில் வேறுபாடாகத் தெரிவது, படிக்கும் கருவியின் நோக்கில் ஒருமையே ஆகும்.

நிரல்தொகுப்பி படிக்கும் குறிப்புரை

சி மொழியின் ஸ்விட்ச் அமைப்பில் ஒவ்வொரு கேஸ் பிரிவின் இறுதியிலும் பிரேக் இடப்படாவிடில், செயலோட்டம் அடுத்த பிரிவிற்குள் வழிந்துவிடும். சில இடங்களில் இது வேண்டியே செய்யப்படுகிறது. சில இடங்களில் மறதியால் நேர்கிறது. நிரலைப் பார்த்த அளவில் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. மறதியால் நேர்ந்ததாயின், கர்னல் போன்ற அடித்தள மென்பொருளில் அது பாதுகாப்புக் குறையாகவும் முடியக்கூடும். எனவே வேண்டியே வழியவிட்ட இடத்தில் 'ஃபால் த்ரூ' என ஒரு குறிப்புரை எழுதும் வழக்கம் உருவானது. இத்தகைய சிறப்புக் குறிப்புரைகளைக் கருவி படிக்கும் முறை, 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த லின்ட் கருவியின் காலம்தொட்டு இருந்துவருகிறது.

2017இல் வெளிவந்த ஜிசிசி 7 நிரல்தொகுப்பி, பிரேக் இல்லாத பிரிவுகளை எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. உரிய குறிப்புரை இருந்தால் எச்சரிக்கை எழாது. ஆனால் உரிய குறிப்புரை எது? அச்சொற்றொடரைச் சேர்த்தும் பிரித்தும், பேரெழுத்திலும் சிற்றெழுத்திலும், சுருக்கியும் நிரலாளர் எழுதியிருந்தனர். நிரல்தொகுப்பி ஒரு வரையறுத்த வடிவத் தொகுதியை மட்டுமே ஏற்றது. அடுத்த கேஸ் வரிக்கு நேர் முன்னே அது நிற்க வேண்டும். ஏன் வழியவிடப்பட்டது எனக் காரணம் சேர்த்தெழுதினால், வழக்கமான அளவில் இடையே ஒரு சிறுகோடு இருந்தால்தான் ஏற்கப்படும். காரணம் எழுதுமாறு கையேடு சொல்ல, காரணம் எழுதிய குறிப்புரையை நிரல்தொகுப்பி ஏற்க மறுத்த முரண் இங்கே நேர்ந்தது.

ஆண்டுக்கணக்கில் ஒவ்வோர் இடமாகச் சென்று, உண்மையான மறதிகளைத் திருத்தியும், எஞ்சியவற்றின் குறிப்புரையை ஏற்கத்தக்க வடிவிற்கு மாற்றியும் வந்த பின்னரே, 2019இல் வெளியான 5.3 பதிப்பில் இவ்வெச்சரிக்கை கர்னல் முழுமைக்கும் இயக்கப்பட்டது. எனினும் சிக்கல் தீரவில்லை. கிளாங் என்னும் மற்றொரு நிரல்தொகுப்பி குறிப்புரைகளைப் படிப்பதே இல்லை. முன்செயலி குறிப்புரைகளை நீக்கிய பிறகு தொகுப்புப் பணியைத் தொடரும் கருவிகளிலும் அவ்வடையாளம் தொலைந்துபோகும். ஆகவே 'ஃபால்த்ரூ' என்பது குறிப்புரை நிலையிலிருந்து உயர்த்தப்பட்டு, நிரலின் சொல்லாகவே வரையறுக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் கர்னல் முழுவதிலும் இருந்த அத்தகைய குறிப்புரைகள் அச்சொல்லாக மாற்றப்பட்டன. பொறிக்குக் கட்டளையாகிவிட்ட ஒன்றைக் குறிப்புரையிலேயே வைத்து அதன் எழுத்தமைதியைக் காவல் காப்பதைவிட, மொழிக்குள் கொண்டுசெல்வதே தக்கது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஒருமைக்குக் கொடுக்கும் விலை

அங்ஙனமாயின் எஞ்சிய குறிப்புரைகள் அனைத்தையும் ஒரே நாளில் ஒரே வடிவிற்கு மாற்றிவிடலாகாதா என்னும் வினா எழும். கருவி அளவில் அது இயலும். ஆனால் கர்னல் பராமரிப்பாளர் பலர் நடையை மட்டும் மாற்றும் திருத்தங்களை விரும்புவதில்லை. ஒரு வரியை இறுதியாக மாற்றியவர் யார், எந்தக் காரணத்திற்காக என்பதை கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் பிளேம் கட்டளை காட்டும். பிழை தேடுவோர்க்கு அதுவே முதல் துணை. நடைத் திருத்தம் ஒன்று இடையே புகுந்தால், ஒவ்வொரு வரிக்கும் அத்திருத்தமே விடையாக வந்து நிற்கும். குறிப்பிட்ட திருத்தங்களைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி 2019இல் கிட் 2.23 பதிப்பில் வந்தது. அதனால் இத்தொல்லை குறைந்ததே தவிர நீங்கவில்லை.

இதனினும் பெரியது, பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுசெல்வதில் நேரும் இடர். புதிய பதிப்பில் குறிப்புரை மாற்றி எழுதப்பட்டுப் பழைய பதிப்பில் அவ்வாறே இருந்தால், அருகிலுள்ள வரிகள் பொருந்தாமல் திருத்தம் தானாகச் சேர மறுக்கும். யாரேனும் ஒருவர் கைப்பட அதனைச் சேர்க்க வேண்டும். அவ்விடத்தில் புதிய பிழை புகவும் வாய்ப்புண்டு. ஆகவேதான் கோப்பில் வேறு பணிக்காகக் கைவைக்கும்போது மட்டும் சுற்றியுள்ள நடையைச் சீர்செய்வதும், அதுவரை அக்கோப்பின் நடைக்கு இசைந்தே எழுதுவதும் வழக்கமாயின. வலைப்பின்னல் பகுதியின் பழைய கோப்புகள் மாற்றப்படாமைக்குரிய காரணமும் இங்கே கிடைக்கிறது.

வடிவமும் வாய்மையும்

வடிவில் குறையற்ற குறிப்புரை பொய்யாகவும் இருக்கலாம். நிரல் மாறும், அருகிலுள்ள குறிப்புரை மாறாமல் தங்கிவிடும். 2007இல் லின் டான் உள்ளிட்ட இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐகமென்ட் என்னும் முறையை வெளியிட்டனர். லினக்ஸ், மொசில்லா, வைன், அப்பாச்சி ஆகிய நான்கு மென்பொருள்களில் குறிப்புரைக்கும் நிரலுக்கும் இடையிலான 60 முரண்களை அது கண்டறிந்தது. அவற்றுள் 33 நிரலின் பிழைகள். 27 தவறான குறிப்புரைகள். ஏறத்தாழப் பாதியளவில் குறிப்புரையே சரியாக இருந்து நிரல் தவறியது என்பது கவனிக்கத்தக்கது. பூட்டை ஏந்திய பின்னரே இச்செயற்கூற்றை அழைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் ஓரளவு நிலையான சொற்களில் எழுதப்பட்டிருந்தமையே அவ்வாய்வுக்கு வழிகோலியது. நடை ஒருமை வாய்மையைத் தராது. வாய்மையைச் சோதிப்பதற்கான வாயிலைத் திறந்துவைக்கிறது.

நினைவகத் தடுப்புக் கட்டளை எழுதும் இடத்தில் குறிப்புரை இல்லையெனில் செக்பேட்ச் எச்சரிப்பதும் இந்நோக்கில்தான். அக்கட்டளை எந்த இரண்டு செயல்களின் வரிசையைக் காக்கிறது, அதற்கு இணையான மறு கட்டளை எங்கே உள்ளது என்பதை எழுதியவர் சொல்லாவிடில், பிறர் அதனை நீக்கவும் அஞ்சுவர், வைத்திருக்கவும் அஞ்சுவர். 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பு முதல் கர்னலில் இடம்பெற்றுள்ள ரஸ்ட் மொழிப் பகுதியில் இவ்வொழுங்கு இன்னும் இறுக்கமானது. நிரல்தொகுப்பியின் காவலைத் தளர்த்தும் 'அன்சேஃப்' பகுதி ஒவ்வொன்றின் முன்னும் 'சேஃப்டி' என்னும் சொல்லுடன் தொடங்கும் குறிப்புரை இருக்க வேண்டும். அப்பகுதி ஏன் தீங்கற்றது என்பதை அது நிறுவ வேண்டும். கிளிப்பி என்னும் கருவி அக்குறிப்புரை இருக்கிறதா என்பதைப் பார்க்கும். அதில் சொல்லப்பட்ட காரணம் உண்மையா என்பதை மதிப்பாய்வாளர்தாம் படித்துப் பார்க்க வேண்டும்.