நிவாரணப் பட்டியலில் இல்லாத காயம்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அடுத்து என்னென்ன நடக்கும் என்பது ஊருக்கே மனப்பாடம். தீயணைப்பு வண்டிகள் பறக்கும், 108 ஆம்புலன்ஸ் வரும், சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நிரம்பும். நிலைமை மோசமானவர்கள் மதுரைக்கு அனுப்பப்படுவார்கள். போர்மேன் கைதாவார், உரிமம் ரத்தாகும், நிவாரணத் தொகை அறிவிக்கப்படும்.

இறந்தவர் வீட்டுப் பிள்ளை காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்குத் திரும்பும். கடைசி பெஞ்சில் உட்காரும். அதன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்பது யாருடைய வேலை? அதற்கென்று ஓர் ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20 பேருக்கும் மேல். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் இரண்டு வெடிவிபத்துகள். நாட்டின் பட்டாசில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் தரும் இந்த வட்டாரத்தில் மருந்து அலசுவதும், திரி வைப்பதும், சரம் பின்னுவதும் பிள்ளைகளின் அப்பாவும் அம்மாவும்தான். விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்புதான். ஆனால் ஃபீஸ் கட்டிவிட்டால் மட்டும் புத்தகத்தில் மனம் நிற்குமா?

வயிற்றுவலியாக வரும் பயம்

பெரியவர்களைப் போலப் பிள்ளைகள் ‘மனசு சரியில்லை’ என்று வந்து சொல்வதில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கும், தலை வலிக்கும். ராத்திரி திடுக்கிட்டு எழும். நன்றாகப் படித்த பையன் திடீரென்று கணக்கில் கோட்டை விடுவான். சின்னப் பிள்ளையாக இருந்தால், படுக்கையை நனைக்கும், எப்போதோ விட்டுப்போன பழக்கம் திரும்ப வரும். ஆலைகள் பட்டாசைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் அன்றாடம் கேட்கும் ஊரில், ஒவ்வொரு ‘டமார்’ ஓசைக்கும் உடம்பு விறைத்துப்போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஓடி ஒளிய அதற்கு இடமே இல்லை.

‘பிள்ளை பயந்திருக்கு’ என்று வீட்டில் மந்திரித்துத் திருநீறு பூசுவார்கள், இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; பிள்ளைக்குப் பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தெம்பை அது தரும். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறியும் விடுவார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் கெட்ட கனவும் தூக்கமின்மையும் பள்ளிக்குப் போக மறுப்பதும் தொடர்ந்தால், அதற்குச் சிகிச்சை வேண்டும்.

இன்னொன்று: நடந்ததை உடனே விலாவாரியாகச் சொல்லச் சொல்லிப் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. அது உதவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சாப்பாடு, தூக்கம், தெரிந்த முகங்கள், பிள்ளை தானாகப் பேசும்போது காதுகொடுக்கும் ஒருவர் — முதல் வாரங்களுக்கு இவைதான் மருந்து.

டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி

2015–16இல் பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது சொன்னது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்பது அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு. இந்தியாவிலோ லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது.

மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். தீபாவளி நெருக்கத்தில் லீவு கேட்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்தால் ‘அந்தப் பிள்ளைக்குக் கிறுக்கு’ என்ற பேர் வந்துவிடுமே என்ற பயம். பெண்பிள்ளை என்றால் அந்தப் பயம் இரட்டிப்பாகும்.

இதோடு மார்க் சுமையும் சேர்கிறது. 2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 விழுக்காடு தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம். கந்தக பூமி என்று பேர்பெற்ற மாவட்டத்துக்கு இது பெருமைதான். எல்லோரும் பாஸாகும் ஊரில் தேறாமல் போகும் அந்த இரண்டு விழுக்காட்டில் ஒருவராக இருப்பது எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தேறாதவர்கள் வருடம் முழுக்கக் காத்திருக்காமல் உடனே எழுதும் துணைத்தேர்வு தமிழ்நாட்டில் வந்ததற்குப் பின்னால் சென்னை ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் விடாத வலியுறுத்தல் உண்டு. ஒரு மாத்திரைகூட எழுதாமல் செய்த மனநலச் சிகிச்சை அது.

நாளந்தா காட்டிய வழி

மருத்துவர் இல்லாத இடத்தில் யார் இந்த வேலையைச் செய்வது? பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற ஆய்வு இதைச் சோதித்தது. கோவாவின் ‘சங்கத்’ அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவும் அதை நடத்தின. முடிவு 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. சில பள்ளிகளில் மனநலப் பணியை ஆசிரியரிடமே கொடுத்தார்கள். வேறு சில பள்ளிகளில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆளுக்குப் பயிற்சி தந்து, அதற்கென்றே அமர்த்தினார்கள். தனி ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, கேலியும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை.

இதில் ஆசிரியர்மேல் பழி இல்லை. பாடம், தேர்வுப் பணி, ‘எமிஸ்’ தளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. தவிர, மார்க் போடுகிறவரிடம் எந்தப் பையன் மனம்விட்டு அழுவான்?

இதே குழு டெல்லி அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களோடு செய்த ‘பிரைட்’ ஆய்வு 2020இல் வெளியானது. மூன்று வாரம், நாலைந்து சந்திப்பு, படக்கதைப் புத்தகங்கள். முறை எளிது. நம்மூரில் அது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். அம்மா இறந்தபின் தம்பியையும் சமையலையும் பார்த்துக்கொள்ளும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ‘எல்லாமே போச்சு’ என்று வருபவளிடம் ஆலோசகர் முதலில் ஒரே ஒரு பிரச்னையை எடுக்கச் சொல்வார். ‘படிக்க நேரமில்லை.’ சரி, என்னென்ன வழி இருக்கிறது? அத்தையைச் சாயங்காலம் வரச்சொல்வது, பள்ளியிலேயே ஒரு மணி நேரம் கூட இருந்து படிப்பது, தம்பிக்குச் சின்ன வேலை கொடுப்பது. அதில் ஒன்றைச் செய்துபார்த்துவிட்டு அடுத்த வாரம் வரவேண்டும். செத்தவர் திரும்ப வரப்போவதில்லை. ஆனால் கையில் பிடிக்க ஒரு கயிறு கிடைக்கிறது.

இந்த ஆய்வின் முடிவை ஊதிப் பெரிதாக்கக் கூடாது. வெறும் புத்தகம் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது ஆறாவது வாரத்தில் மனநல அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. தங்களை வாட்டுவதாக மாணவர்களே சொன்ன பிரச்னைகளின் கனம்தான் நன்றாகக் குறைந்தது.

கென்யாவின் ‘ஷமிரி’ அமைப்போ, பள்ளி முடித்த இளைஞர்களைக் கொண்டே மாணவர்களுக்கு நான்கு குழு அமர்வுகள் நடத்தி, மனச்சோர்வும் பதற்றமும் குறைவதைக் காட்டியது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2004 சுனாமியில் உறவுகளை இழந்த சென்னைக் கடலோர மக்களிடம் சினேகாவின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொடர்ந்து போய்ப் பேசியதால் அவர்களின் மனத்துயர் குறைந்ததை லட்சுமி விஜயகுமார் பதிவு செய்திருக்கிறார்.

சிவகாசிக்கு என்ன பொருந்தும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். அவர்களுக்குப் ‘ஆபீஸ்’ என்று ஊரில் சொல்லும் பட்டாசு ஆலையும் தெரியும், சனிக்கிழமை சம்பளக் கணக்கும் தெரியும். பெரிய அரசுப் பள்ளிக்கு ஒருவர் வீதம் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் அமர்த்தலாம். வாரம் ஒருமுறை மாவட்ட மனநலக் குழு அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். அந்த மேற்பார்வை இல்லாவிட்டால் திட்டம் பேருக்குத்தான் இருக்கும். தற்கொலை எண்ணமோ, காதில் குரல் கேட்பது போன்ற தீவிர நோயோ தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்பும் வழியும் தயாராக இருக்க வேண்டும். கல்விச் செலவுக்கென அரசு வைத்திருக்கும் ஏற்பாட்டிலேயே இதையும் சேர்க்கலாம். விபத்து நடந்த வாரத்தில் தொடங்கி, முதல் வருட நினைவுநாள் தாண்டும் வரையாவது இறந்தவர் வீட்டுப் பிள்ளையை ஒருவர் பார்த்துவர வேண்டும்.

இந்த ஏற்பாடு வரும்வரை பெற்றோரும் ஆசிரியரும் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் நடத்தை மாறியிருந்தால், குறிப்பாக ‘நான் இருந்து என்ன பண்ண’ என்பதுபோலப் பேசினால், 14416 அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். ஆதரவின்றி நிற்கும் குழந்தைகளுக்கு 1098. இரவானாலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.