ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள்

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் சாவிப் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கும்போதுதான் கவனிக்கிறார்: மறு கண்ணுக்குச் சாவி தெரிகிறது, பிடித்திருக்கும் விரல் தெரிகிறது, ராவ வேண்டிய பல் மட்டும் தெரியவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு. 'வயசாச்சு, புரையாக இருக்கும்' என்று விட்டுவிடுவார். இரண்டு கண்ணையும் திறந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். வினையே அதுதான்.

ஆனால் குறை விழித்திரையில் இருக்கலாம். அதன் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழி. எழுத்து, முகம், ஊசிக்காது எல்லாம் அங்கேதான் துல்லியமாகப் பதிகின்றன. அதில் அரை மில்லிமீட்டர் ஓட்டை போதும், படிக்க முடியாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கும்போது திரையை இழுத்து ஓட்டையாக்கிவிடுவது உண்டு. கண்ணில் பந்தோ இரும்புத்துண்டோ பலமாகப் பட்டாலும் விழும்.

வெறும் கண்ணால் சூரியனைப் பார்ப்பது இன்னொரு வழி. 2019 டிசம்பர் 26 காலை திண்டுக்கல்லில் சூரிய கிரகணம் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அப்படி ஒன்றை வெறும் கண்ணால் பார்த்தாலும் விழித்திரைக்கு வலி தெரியாது. பொட்டு சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். சிலருக்குச் சில மாதங்களில் தெளியும், சிலருக்கு நிலைத்துவிடும். தென் தமிழகத்தில் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21.

நடுவில் பொட்டு தெரிந்தாலோ ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றிப் பயனில்லை. விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். ஓசிடி ஸ்கேன் கண்ணைத் தொடாமலே ஓட்டையைக் காட்டிவிடும். திண்டுக்கல்லில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கிளை இருக்கிறது, தலைமையிடம் மதுரை. கூழ் இழுத்து விழுந்த ஓட்டை என்றால் கூழை எடுத்துவிட்டு வாயுக்குமிழி வைப்பார்கள். சில நாள் குப்புறக் கிடக்க வேண்டும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் மூடிவிடும். குமிழி கரையும்வரை கொடைக்கானல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்: உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண்ணை அழுத்தும், உள்ள பார்வையும் போகலாம்.

வேலையில் கண்ணில் அடிபட்டால் அன்றே மருத்துவச் சீட்டில் 'வேலையின்போது' என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு கண் பார்வை முழுதும் போனால் உழைப்புத் திறனில் 30 சதவீத இழப்பு என்று கணக்கிட்டு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. மாற்றுத்திறனாளிச் சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். மறு கண் நன்றாக இருந்தால் அதிகபட்சம் 30தான். அந்தக் கதவு திறக்காது.

நாளைக் காலை காலண்டர் தாளைக் கிழிக்கும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ராகுகால எழுத்தைப் படியுங்கள். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு.