மண்ணுக்கு ஒரு வெள்ளாவி

மரக் கம்பத்தை அப்படியே நட்டால் கறையானும் பூஞ்சையும் சில ஆண்டுகளில் அரித்துவிடும். அதனால் ரசாயனத்தில் ஊறவைத்தே நடுவார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வைசேலியா நகரில் சதர்ன் கலிபோர்னியா எடிசன் மின் நிறுவனம் 1920-களிலிருந்து 1980 வரை இந்த வேலையைச் செய்தது. பதப்படுத்திய கம்பங்கள் ஊர் ஊராகப் போயின. கசிந்த ரசாயனமோ கம்பக் கிடங்கின் மண்ணிலேயே தங்கிவிட்டது.

கசிந்தது என்ன?

நிலக்கரித் தாரிலிருந்து வடித்தெடுக்கும் கிரியோசோட் எண்ணெய், பிற்காலத்தில் பென்டாகுளோரோபீனாலும். முன்னதில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் உண்டு. பின்னதில் டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருக்கும். கிரியோசோட் தண்ணீரைவிடக் கனமானது. மண்ணெண்ணெய் போல மிதக்காமல், நிலத்தடி நீரையும் கடந்து கீழே இறங்கும். மண் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு, சிறுகச் சிறுக நீரில் கரையும். வைசேலியாவில் அது சுமார் 100 அடி ஆழத்துக்குப் போயிருந்தது. அவ்வூர் மக்கள் குடிப்பது நிலத்தடி நீர்.

இறைத்தால் போகாதா?

இறைத்துப் பார்த்தார்கள். 1970-களில் நஞ்சு பரவாதபடி மண்ணுக்குள் சுவர் எழுப்பி, நீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள். ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்புக்குப் பிறகும் வாரத்துக்கு சுமார் 4.5 கிலோ நஞ்சுதான் வெளியே வந்தது. அந்த வேகத்தில் போனால் வேலை முடியப் பல நூற்றாண்டுகள் ஆகும். 1989-ல் அந்த இடம், மோசமாக மாசுபட்ட நிலங்களுக்கான ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் சேர்ந்தது.

நீராவி செய்த வேலை

பச்சைத் தண்ணீருக்கு மசியாத அழுக்கு வெள்ளாவியில் விட்டுவிடும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் உருவாக்கிய முறையின் சாரமும் அதுதான். 1997-ல் மாசுபட்ட பகுதியைச் சுற்றிக் கிணறுகள் அமைத்து நீராவியைச் செலுத்தினார்கள். சூட்டில் இளகிய எண்ணெயை நடுக்கிணறுகள் வழியாக உறிஞ்சினார்கள். நீராவியோடு காற்றையும் அனுப்பியதால், ஆக்ஸிஜன் பட்டு நஞ்சின் ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைந்தது. முதல் ஆறு வாரங்களில் வாரத்துக்கு சுமார் 21 டன் நஞ்சு அகன்றது. 2000-ம் ஆண்டில் பணி நின்றபோது மொத்தம் ஏறத்தாழ 590 டன். 2009-ல் அந்த இடம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இனி அங்கே குடியேறலாமா?

கூடாது. வீடோ பள்ளியோ மருத்துவமனையோ கட்ட அந்த மண்ணில் இன்றும் தடை இருக்கிறது.

ஆவியில் வைத்த மண்ணும் பழைய மண்ணாகத் திரும்புவதில்லை. ஆகவே வைசேலியாவின் வெற்றியைக் கொண்டாடுவதோடு, அதற்கு ஆன காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊறிய கம்பத்தை எண்ணெய் வடியும்வரை கசியாத தளத்தில் கிடத்த வேண்டும் என்று அமெரிக்க விதிகள் இன்று கட்டாயப்படுத்துகின்றன. சொட்டும்போது ஏந்துவதற்கு ஒரு தளம் போதும். இறங்கிய பிறகு எடுப்பதற்கு ஒரு தலைமுறைக்காலம் ஆகிறது.