தவளை முட்டைக்குள் ஒரு சுவிட்ச்

தவளை முட்டைக்கும் எலக்ட்ரிக்கல் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம்னு சிரிக்காதீங்க நண்பர்களே! தென்னாப்பிரிக்க நகத் தவளையின் முட்டைச் செல் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுப் பெரியது, வெறுங்கண்ணுக்கே தெரியும். 1982-ல் பர்னார்ட், மிலேடி, சுமிகாவா மூவரும் மின்திருக்கை மீனின் தூது ஆர்.என்.ஏ.வை ஊசியால் அதற்குள் செலுத்தினார்கள். முட்டையோ மீனின் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தானே செய்து, தன் சவ்வில் பொருத்திக்கொண்டது! அசிட்டைல்கோலின் வந்து ஒட்டினால் ஏற்பியின் வாசல் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அதுதான் கரண்ட்.

அதை எப்படி அளப்பது? முட்டையில் இரண்டு மின்முனைகளைக் குத்துவார்கள். ஒன்று வோல்டேஜைக் கவனிக்கும். அது கொஞ்சம் நகர்ந்தாலும் ஆம்ப்ளிஃபயர் மற்றதன் வழியே எதிர்க் கரண்ட் அனுப்பி, மைனஸ் 60 மில்லிவோல்ட் என்று வைத்தால் அங்கேயே பிடித்து நிறுத்தும். அனுப்பிய கரண்ட் எவ்வளவோ, ஏற்பிகள் விட்டதும் அவ்வளவே. பரீட்சைக்காக நான் மனப்பாடம் பண்ணிய நெகட்டிவ் ஃபீட்பேக் உண்மையில் புரிந்தது இந்த முட்டையில்தான்.