கருவடிக்குப்பத்தில் துயிலும் நாடகாசிரியர்

அமெரிக்கப் படநடிகர் ஒருவர் பெயரைச் சொன்னால் நம் மாணவருள் முகம் மலராதார் இலர். உழவர்கரையைச் சார்ந்த கருவடிக்குப்பத்தில் துயில்பவர் யாவர் என வினவின் விடை கூறுவார் சிலரே. அவர் தூத்துக்குடிச் சீமைக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள்.

பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்ற அவர், உப்புப் பண்டகசாலைக் கணக்கராயிருந்து, இருபத்து நான்காம் பிராயத்தில் நாடகமேடை ஏறினார். இராவணன், இரணியன், எமன் முதலிய கொடிய வேடங்களே அவருக்குரியன. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் முழங்கக் கேட்ட பெண்ணொருத்தி அச்சத்தால் கருச்சிதைந்தாள் என்றும், அதுமுதல் அவர் வேடம் புனைதலை ஒழித்தார் என்றும் கூறுவர். நடிப்பின் ஆற்றலுக்கு இதனைச் சான்றாகக் காட்டுவார் பலர். நமக்கோ, புகழ் பெற்ற தொழிலைப் பிறர் துயர் கண்டு விடுத்த அவ்வுள்ளமே பெரிதாகத் தோன்றுகின்றது.

வேடம் துறந்தவர் மேடையைத் துறந்தாரல்லர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எனப் பல நாடகங்கள் இயற்றினார்; அவை அறுபத்தெட்டு என்பர். அக்காலத்து நடிகர் பலர் பாடம் ஒன்றிருக்க வாய்க்கு வந்தது பேசுவர். இவர் பாட்டும் உரையாடலும் வரையறுத்துத் தந்தமையால், வெவ்வேறூர்க் கலைஞர் ஒத்திகையின்றி ஓரிரவில் கூடி ஒரே கதையை நடித்தல் கைகூடிற்று. 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் அது மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் திருவிழாக்களில் நிகழ்கின்றது. பாடம் செவ்விதின் அமைந்தாலன்றி இஃது இயலுமோ?

வளர்ந்த நடிகரை வழிக்குக் கொணர்தல் அரிதெனக் கண்டு சிறுவரை நாடினார். மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதிற் பயின்ற டி. கே. எஸ். சகோதரர், 1935இல் 'மேனகா' படத்தில் தோன்றினர். அவருள் சண்முகம் ஔவையார் வேடத்தாற் பின்னர்ப் பெரும்புகழ் எய்தினார்.

1921இல் பக்கவாதம் சுவாமிகளின் நாவையும் உடலையும் முடக்கிற்று. பாட்டால் மேடையை ஆண்டவர்க்கு இதனினும் கொடிதொன்றில்லை. ஆயினும் சபையோடு புதுவை போந்தார். 1922 நவம்பர் 13இல் ஈண்டே உயிர் நீத்தார். தமிழ்ப் பேசும்படம் பிறக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஆண்டுதோறும் அவர் நினைவுநாளில் நாடகக் கலைஞர் கருவடிக்குப்பம் வந்து மலர் தூவிச் செல்கின்றனர்.