மூலப்பதிப்பும் மறுபதிப்பும்: அம்புலிமாமாவை முன்வைத்து

1947 ஜூலையில் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘அம்புலிமாமா’, விக்கிரமாதித்தன், வேதாளம் முதலிய மாயக்கதைகளைச் சிறுவர்க்கு அளித்த இதழாகும். பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ அதன் பழம்பிரதி கிட்டினால், அது மூலப்பதிப்பா, மறுபதிப்பா என முதலில் ஆராய்தல் வேண்டும்.

எழுத்துருவே முதற்சான்று. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ஆகவே, ‘லை’, ‘னை’ ஆகியவை துதிக்கை போன்ற பழைய வடிவில் இருப்பின், எழுத்துக்கோப்பு பெரும்பாலும் அதற்கு முந்தியது. எனினும், மூலப்பக்கங்களைப் படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்பிலும் அவ்வடிவமே காணப்படும். ஆதலின், தாளையும் பதிப்பு விவரத்தையும் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

மறுபதிப்பு கதையைக் காக்கிறது. மூலப்பதிப்போ அக்கால எழுத்தையும் அச்சுக்கலையையும் சேர்த்துக் காக்கிறது. புதியது வந்ததென்று பழையதைக் கழித்துவிடாமல், பள்ளி நூலகத்தில் இரண்டையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டுவோமாக.